மானியமும் மறக்கப்பட்ட பிள்ளையும்

விக்கிரவாண்டி வழியாக விழுப்புரத்திற்கோ திண்டிவனத்திற்கோ செல்லும்போது, 'அரசு உதவி பெறும் பள்ளி' என்ற பெயர்ப் பலகைகளைக் காண்கிறோம். அச்சொற்களுக்குப் பின்னே நெடியதொரு வரலாறு உண்டு.

1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையே மானிய முறைக்கு வித்திட்டது. எச்சமயத்தார் நடத்தினும், நல்ல பொதுக்கல்வி தந்து அரசின் ஆய்வுக்கு உட்படும் பள்ளி உதவி பெறலாம் என்பது அதன் சாரம். மறைபோதகர்களின் பள்ளிகள் பல இவ்வாறே வேரூன்றின. சிறுபான்மையினர் நடத்துவது என்பதற்காக மானியத்தில் பாகுபாடு கூடாது என அரசியலமைப்பின் 30ஆம் பிரிவும் உறுதியளித்தது. எனினும் தமிழகத்தில் 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்றாயிற்று.

மானியம் எதை அளந்தது? மாணவர் எண்ணிக்கையையும் ஆசிரியர் பணியிடத்தையும் அளந்தது. பார்வையற்ற பிள்ளையும் செவிகேளாப் பிள்ளையும் பெரும்பாலும் பிறர் இரக்கத்திற்கே விடப்பட்டனர். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்காக 1890இல் ஆஸ்க்வித் அம்மையாரும், செவிகேளாதோர்க்காக அப்பத்தாண்டிலேயே சுவெய்ன்சன் அம்மையாரும் பள்ளி தொடங்கினர். ஆங்கிலிக்கன் சபையினரான இவர்களை நாம் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இரக்கம் உரிமையாக மாற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 6 முதல் 18 வயது வரை இப்பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை 2016ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. ஆனால் பணம் உரிமையைப் பின்தொடரவில்லை. வகுப்பாசிரியரின் ஊதியம் நிலையான மானியத்தில் வர, சிறப்பாசிரியர் பலரின் ஊதியமோ சமக்ர சிக்ஷா திட்டத்தை நம்பி நின்றது. பி.எம். ஸ்ரீ பள்ளிகள் பற்றிய பிணக்கால், 2024-25இல் அத்திட்டத்தில் தமிழகத்திற்குரிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்கவில்லை. இரு அரசுகளின் வழக்கில் பேச இயலாத பிள்ளையும் ஒரு தரப்பாயிற்று.

எனவே சிறப்பாசிரியரின் பணியிடமும் நிலையான மானியத்தில் சேர வேண்டும் என்று கேட்போம். கேட்குமுன் நம்மையும் ஆய்ந்து பார்ப்போம். "வேறு பள்ளி பாருங்கள்" என்று இப்பிள்ளைகளின் பெற்றோரை நாமும் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

செவிகேளாத மனிதரை ஆண்டவர் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றதாக மாற்கு எழுதுகிறார். ஒதுக்கி வைப்பதற்காக அன்று. அவர் ஒருவருக்கே உரிய கவனத்தை அளிப்பதற்காக. அக்கவனத்திற்கும் நம் பள்ளிக் கணக்கில் ஓர் இடம் வேண்டும்.