எச்சில், தாலி, ஒரு சுவர்

நம்மூர்க்காரர்களுக்குச் சம்பா கோயில், கப்ஸ் கோயில் என்ற பெயர்களை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் விழிக்கிறார்கள். 'சேன் போல்' என்று பிரெஞ்சுக்காரர் சொன்ன அர்ச். சின்னப்பர் பெயர் நம் வாயில் 'சம்பா' ஆயிற்று. அது சேசு சபைச் சுவாமியார்களின் கோயில். கப்புச்சின் சுவாமியார்களுடையது 'கப்ஸ்' ஆயிற்று. முன்னதில் தமிழ்க் கிறிஸ்தவர்களும் பின்னதில் வெள்ளைக்காரர்களும் பூசை கண்டார்கள். நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த இந்த இரண்டு கோயில்காரர்களும் நாற்பது ஆண்டுக்கு மேல் ஒருவர்மேல் ஒருவர் ரோமாபுரிக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தார்கள். சண்டைக்குக் காரணம் இடமோ பணமோ அல்ல. வேதத்தில் சேர்ந்த தமிழன் தன் வீட்டில், தன் உடம்பில், தன் தெருவில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும் என்பதுதான்.

விஷயம் தொடங்கியது மதுரையில். 1606இல் அங்கு வந்த இராபர்ட் தெ நோபிலி காவி உடுத்து, மரக்கறி உண்டு, சந்தனம் பூசி, ஐயர் என்றே அழைக்கப்பட்டார். பூணூலும் குடுமியும் குலத்தைக் காட்டும் அடையாளங்கள், தெய்வ வழிபாடு அல்ல, ஆகவே ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவற்றை விட வேண்டியதில்லை என்பது அவர் வாதம். கோவாவில் பெரிய எதிர்ப்பு. கடைசியில் 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாமல் பார்த்துக்கொள்ளும்படி நிபந்தனை போட்டு அனுமதி தந்தார். ஊர் வழக்கம் வேறு, தெய்வ வழிபாடு வேறு என்ற இந்தக் கோட்டைக் கிழித்தது பெரிய காரியம். ஆனால் கோடு எங்கே ஓடுகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்க வேண்டியிருந்தது.

ஆதிக் கிறிஸ்தவர்களுக்கும் இதே தொல்லைதான். அந்தியோக்கியாவில் புற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த இராயப்பர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து ஒதுங்கிக்கொண்டார். சின்னப்பர் அவரை எல்லார் முன்னாலும் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. விருத்தசேதனம், சாப்பாடு, பந்தி என்று அன்றாட வாழ்க்கையிலிருந்துதான் வேதசாத்திரத்தின் பெரிய கேள்விகள் எழுந்தன.

இப்போது நம்மூருக்கு வருவோம். 1703 நவம்பரில் ஷார்ல் மையார் த துர்னோன் என்ற இளம் மேற்றிராணியார் புதுச்சேரித் துறையில் வந்து இறங்கினார். பாப்பரசர் அவரைச் சீனாவுக்கு அனுப்பியிருந்தார். வழியில் இந்தியாவையும் விசாரிக்கச் சொல்லியிருந்தார். அவருடைய பட்டம் 'அந்தியோக்கியாவின் பிதாப்பிதா'! பந்திச் சண்டை நடந்த அதே ஊரின் பெயர். இதைத் தெய்வச் செயல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எழுதாமல் விடவும் மனம் வரவில்லை.

துர்னோன் இங்கே எட்டு மாதம் இருந்தார். பெரும்பாலும் நோய். உள்நாட்டுக்குப் போகவே இல்லை, தமிழும் தெரியாது. சேசு சபையைச் சேர்ந்த பூஷே சுவாமியார் முதலியவர்களை விசாரித்தார், கிறிஸ்தவர்களை மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். 1704 ஜூன் 23 தேதியிட்டு 16 பிரிவு கொண்ட ஓர் ஆணை எழுதினார். ஜூலையில் அதைச் சேசு சபையாரிடம் கொடுத்துவிட்டு, சில நாளிலேயே கப்பலேறிவிட்டார். குமாஸ்தா வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாற்றலாகிப் போகிற அன்று உத்தரவு போடும் அதிகாரிகளை நான் அறிவேன்.

ஆணையில் என்ன இருந்தது? முதலில் எச்சில். பழைய ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் தம் உமிழ்நீரைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பார். செவிடனைச் சேசுநாதர் குணமாக்கியதன் நினைவு அது. குழந்தைமேல் ஊதுவதும் உண்டு. நம் ஜனங்களுக்கு எச்சில் என்றால் என்ன என்று சொல்லவா வேண்டும்? அதனால் உள்நாட்டுச் சுவாமியார்கள் இவற்றை விட்டுவந்தார்கள். தண்ணீரும் திரித்துவத்தின் பெயரும்தான் ஞானஸ்நானத்துக்கு உயிர். மற்றவை திருச்சபை பின்னால் சேர்த்த அலங்காரம். இதைத் துர்னோனும் மறுத்திருக்க முடியாது. ஆனாலும் ஒன்றையும் விடக்கூடாது என்றார்.

அடுத்தது கல்யாணம். பிள்ளையார் உருவம் பதித்த தாலி கூடாது, சிலுவையோ மாதா உருவமோ வேண்டும். மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறு கூடாது. அரசங்கொம்பு நடக்கூடாது. தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக்கூடாது. பெண் பெரியவளானால் சடங்கு கூடாது, தீட்டு நாளில் அவளைக் கோயிலுக்குள் விடாமல் தடுக்கவும் கூடாது. கடைசியாகச் சொன்னது அந்தக் காலத்துக்கு எவ்வளவு முன்னால் போன பேச்சு என்று பாருங்கள். சாண விபூதி பூசுவதற்கும் தடை, தபசுகாலம் தொடங்கும்போது குருவானவர் மந்திரித்துப் பூசும் சாம்பல் மட்டும் போதுமாம். அந்த நாளை நம் பாட்டிமார் 'விபூதிப் புதன்' என்றுதான் சொன்னார்கள். ஆணை அகராதிக்குள் நுழையவில்லை. மேளக்காரர்கள், புத்தகங்கள் பற்றியும் சில பிரிவுகள் உண்டு.

ஆணையின் மிகக் கனமான பிரிவு வேறொன்று. சேரியில் நோயாகக் கிடக்கும் கிறிஸ்தவனுக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்கச் சுவாமியார் அவன் குடிசைக்குள் போவதில்லை. போனால் மேல்சாதியார் அவரை வீட்டில் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம். நோயாளியைத் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டும். மதுரை மிஷனில் 1640 முதலே 'பண்டாரசுவாமி' என்ற தனி வகைக் குருக்கள் மற்றச் சாதியாருக்காக இருந்தார்கள், அவர்களும் இந்தக் கட்டிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. துர்னோன் இதைத் தடுத்தார். சுவாமியார் வீட்டுக்கே போக வேண்டும் என்றார்.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். எச்சில் விஷயத்தில் சேசு சபையார் சொன்னது சரி. குடிசை விஷயத்தில் துர்னோன் சொன்னது சரி. இரண்டையும் ஒரே காகிதத்தில் ஒரே எடையில் எழுதியதுதான் கோளாறு. குழந்தையின் மூக்கில் எதை வைப்பது என்பதும், சாகக் கிடப்பவன் வாசலில் குரு நிற்பாரா என்பதும் ஒரே வகைக் கேள்வி ஆகுமா? நற்கருணை ஒரே அப்பம், அதை உண்பவர்கள் ஒரே சரீரம் என்று பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தோம். அந்தப் பாடம் தாலிக் கயிற்றின் இழையை எண்ணச் சொல்லவில்லை.

பிறகு நாற்பது ஆண்டு விண்ணப்பமும் எதிர்விண்ணப்பமும். துர்னோன் சீனாவில் சக்கரவர்த்தியின் கோபத்துக்கு ஆளாகி, 1710இல் மக்காவில் காவலில் இறந்தார். அவரை ஆதரித்த விஸ்தெலூ என்ற சீனத்துச் சேசு சபையார் புதுச்சேரிக்கு வந்து, தம் சபையாரோடு தங்காமல் கப்புச்சின்களோடு தங்கி, 1737இல் இங்கேயே கண்ணை மூடினார். முடிவாக 1744 செப்டம்பர் 12இல் பாப்பரசர் 14ஆம் பெனெடிக்ட் துர்னோன் ஆணையைப் பெரும்பாலும் உறுதிசெய்தார். எச்சிலுக்கு மட்டும் சில காலம் விலக்கு. குடிசைக்கோ ஒரு சமரசம்: தாழ்த்தப்பட்டவர்களுக்கென்றே தனிச் சுவாமியார்களை வைத்துக்கொள்ளலாம் என்று சேசு சபையார் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டார். தாலியில் கண்டிப்பு, சாதியில் விட்டுக்கொடுத்தல். எனக்கு இந்த இடத்தில்தான் வருத்தம்.

அடுத்த ஆண்டே நம்மூரில் அது வெடித்தது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் இருக்கிறது. சம்பா கோயிலுக்குள் வடபுறம் ஒரு சுவர். அதற்கு அப்பால் சேரிக் கிறிஸ்தவர்கள், இப்பால் மற்றவர்கள். காரைக்காலிலிருந்து வந்த சுவாமியார் ஒருவர் இது அடாது என்று பேசியிருக்கிறார். அதைக் கேட்டுச் சேரி ஜனங்கள் திரண்டு பெரிய சுவாமியாரிடம் போனார்கள். உமக்கு நாங்களும் சீடர்கள்தானே, சுவாமிக்கு முன் பேதம் உண்டா என்று கேட்டார்கள். அவர்கள் எந்த வேதசாத்திரமும் படித்தவர்கள் அல்ல. ரோமாபுரியில் நாற்பது வருஷம் தடித்தடியாக எழுதியதை நாலு வார்த்தையில் கேட்டுவிட்டார்கள். பெரிய சுவாமியார் மறுபேச்சில்லாமல் அன்றே சுவரை இடித்துவிட்டார். எல்லாரும் கலந்து நின்று பூசை கண்டார்கள்.

அந்த நிம்மதி சில நாள்தான். பெரிய துபாஷ் கனகராய முதலியார் வீட்டு உறவுப் பெண் ஒருத்தி நகையும் மெல்லிய துணியுமாகக் கோயிலுக்கு வர, சுவாமியார் அவளைக் கடிந்து பேசிவிட்டார். அதைச் சாக்காக வைத்து மேல்சாதியார் கூடிச் சண்டைக்கு நின்றார்கள். கைகலப்பு வரை போய், ஆளுநர் தலையிட்டுக் கூட்டம் கூடக்கூடாது என்று உத்தரவிட வேண்டியதாயிற்று. பின்பு சுவர் இருந்த இடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒப்பேற்றினார்கள். சுண்ணாம்பு போய் மரம் வந்தது. அதே வருஷக் கடைசியில் கனகராய முதலியார் இறந்துபோன தம் மகன் நினைவாக உழவர்கரையில் அந்திரேயார் கோயிலைக் கட்டி ஊருக்கெல்லாம் விருந்து வைத்தார். பக்தி இல்லாதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது.

பிள்ளை வைணவர், வெளியாள். இரண்டு பக்கத்துக்கும் வக்காலத்து வாங்காமல் எழுதியிருப்பதால்தான் நமக்கு இது தெரிகிறது.

இந்தச் சடங்கு ஆணைகளுக்குக் கீழ்ப்படிவோம் என்று மிஷன் சுவாமியார்கள் செய்துவந்த சத்தியம் 1940இல்தான் நீக்கப்பட்டது. 1969இல் ஆரத்தி, குத்துவிளக்கு, கைகூப்பி வணங்குதல் உள்ளிட்ட 12 அம்சங்களைப் பூசையில் சேர்த்துக்கொள்ள ரோமாபுரியே சம்மதித்தது. அதே ஆண்டு வந்த புதிய குழந்தை ஞானஸ்நானச் சடங்கில் எச்சிலே இல்லை. இன்று கோயிலில் சுவாமியார் மந்திரித்துக் கொடுக்கும் தாலி மஞ்சள் கயிற்றில்தான் தொங்குகிறது, 108 இழையா என்று யாரும் எண்ணுவதில்லை.

சுவர் மட்டும் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கோயிலையே இரண்டு கிளையாகக் கட்டி, சாதிக்கொரு கிளை வைத்து, பீடத்தில் மட்டும் சந்திக்க விட்டார்கள். 1910இல் கொசனேல் சுவாமியார் நடுத்தடுப்பை இடித்ததும் வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது, தடுப்பு கேட்டவர்கள் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கும் சுவரைப் பற்றி நாளிதழ்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். அங்கே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான்.