நீலப் பெட்டி

காசு கொடுத்து வாங்கிய பெட்டி யாருக்குச் சொந்தம்? வாங்கியவருக்கா, செய்தவருக்கா?

2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் கம்பெனி, நீலமும் கறுப்புமாக ஒரு ரவுட்டரை இறக்கியது. பெயர் டபிள்யூஆர்டி54ஜி. அடுத்த வருடமே குட்டு உடைந்தது. உள்ளே ஓடியது லினக்ஸ்! ஊர் கூடிச் சமைத்த சாப்பாடு. விற்கலாம், தப்பில்லை. செய்முறையை மட்டும் மறைக்கக் கூடாது. அதுதான் ஜிபிஎல் நிபந்தனை. கேள்விகள் குவிய, 2003-லேயே கம்பெனி நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது.

அப்புறம் சுபமா? அதுதான் இல்லை. பெட்டியின் முதுகில் ஐந்து வயர் துளைகள். எந்தத் தகவல் எந்தத் துளைக்கு என்று பிரித்து அனுப்புவது ஸ்விட்ச் சிப். அதனோடு பேச டிரைவர் வேண்டும். 2008 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.28 ஒரு பொது வழி சொன்னது. ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் துளை எண் எழுதிய குட்டிச் சீட்டு. சீட்டைப் பார்த்தால் போதும், ஒவ்வொரு துளையும் லினக்ஸுக்குத் தனித்தனியாகத் தெரியும்.

பிராட்காம் ஸ்விட்ச் சிப்புகளுக்கான பி53 டிரைவர், ஓப்பன்டபிள்யூஆர்டியில் வளர்ந்து, 2016-ல் லினக்ஸ் 4.8-க்குள் நுழைந்தது. நிரல் கைக்கு வந்து பதின்மூன்று வருடம் கழித்து!

வீட்டுச் சாவி கிடைத்தது 2003-ல். உள்ளே ஒவ்வொரு அறையையும் உட்கார்ந்து திறந்தவர்கள்தான் அதைச் சொந்த வீடாக்கினார்கள்.