பம்பாயில் வெயிலைத் திரட்டியவர்

பரவளைய ஆடியின் அச்சுக்கு இணையாக விழும் கதிர்கள் ஒரே குவியத்தில் கூடும். அங்கே கடும் வெப்பம் பிறக்கும். ஆனால் அவ்வளைவைப் பிசகின்றி அமைப்பது பெருஞ்செலவு. பம்பாயில் இறக்குமதி நிலக்கரியின் விலை கண்டு வெயிலை நாடிய வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கில அதிகாரி, சாதாரணத் தட்டைக் கண்ணாடிகளையே வளைந்த சட்டத்தில் அடுக்கினார். பிரான்சில் மூஷோ பயன்படுத்திய வெள்ளி பூசிய உலோகத்தைவிட அவை மலிவு, எளிதில் மங்காது. சூரியன் நகர நகர, ஆள் ஒருவர் சட்டத்தைத் தள்ளவேண்டும். குவிந்த ஒளியால் கொதிகலனில் நீராவி எழுப்பி, இரண்டரைக் குதிரைத்திறன் நீரிறைப்பியை ஓட்டினார். 1878இல் அதை நூலாகவும் எழுதினார். நமது பாயான் பாருவில் செய்து பார்ப்பவர்கள் கவனிக்க: மேகம் மறைத்தால் கதிர்கள் சிதறி, குவியம் ஆறிவிடும். வெயில் மீண்டதும் கண் கூசும். கறுப்புக் கண்ணாடி அணியாமல் அருகில் நிற்காதீர்கள்.