வானில் நிகழ்ந்த போரும் திரையில் நிகழும் போரும்



நடந்து முடிந்த போரொன்றை மீண்டும் நடத்திக் காண வேண்டும் என்னும் அவா மனிதனுக்குப் புதியதன்று. எங்கள் புத்தளக் கரையிலுள்ள உடப்புக் கிராமத்தில், திரௌபதை அம்மன் ஆலயத் திருவிழாவின்போது ஆண்டுதோறும் பாரதக் கதை மக்கள் முன் உயிர்பெற்று எழுகின்றது. தீமிதிப்போடு அவ்விழா நிறைவுறுகின்றது. அங்கே கூடுவோர் பாண்டவர் வென்ற கணக்கைக் கேட்டு மகிழ்ந்து கலைவதற்காக வருபவரல்லர். வென்றவர் வீட்டிலும் தோற்றவர் வீட்டிலும் ஒருங்கே எழுந்த அழுகையை ஆண்டுக்கொரு முறை நினைந்து கொள்வதற்காகவே வருகின்றனர்.

இன்று இதே கரையில் இளைஞர் சிலர் வேறொரு போரை மீண்டும் நடத்தும் நாளை எதிர்நோக்கியிருக்கின்றனர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை, கொழும்பு நகரின் வானத்தில் நிகழ்ந்த போரே அது. உயிர்த்த ஞாயிறு என்றவுடன் 2019ஆம் ஆண்டின் கொடுந்துயரே இன்று நம் நெஞ்சில் எழுகின்றது. யான் கூறுவது அதற்கு எழுபத்தேழு ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சியாகும். இவ்விளைஞர்களின் போர்க்களம் கணினித் திரை. விமானம் ஓட்டுதலைப் பாவனை செய்யும் விளையாட்டொன்றில் ஆளுக்கொரு விமானத்தைப் பங்கிட்டுக்கொண்டு, அந்நாள் திரும்பி வரும்போது அப்போரை நடத்த எண்ணியிருக்கின்றனர். "சேர், அன்றைக்கு உண்மையில் வென்றது யார்?" என்று அவர்களுள் ஒருவன் என்னை வினவினான். கேட்பதற்கு எளிதாயினும் அவ்வினா விடை கூறுதற்கு எளிதன்று. அதனை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதற்கண், இப்பாவனைக் கருவி வெறும் விளையாட்டாகப் பிறந்ததன்று என்பதை நேயர்கள் அறிதல் வேண்டும். பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலையொன்றை நடத்தியவரின் மைந்தரான எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர், ஆர்கனில் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே, நிலத்தில் நின்றபடி சாய்ந்தும் திரும்பியும் அசையும் சிறு விமானக் கூடொன்றை 1929ஆம் ஆண்டளவில் அமைத்தார். தொடக்கத்தில் அதனைப் பொருட்காட்சிகளில் வேடிக்கைப் பொருளாகவே பலர் கண்டனர். 1934ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் கொண்டுசெல்லும் பணியை ஏற்று, மூடுபனியிலும் புயலிலும் சிக்கிப் பலர் மாண்ட பின்னரே, அக்கருவியின் அருமை அரசினர்க்குப் புலனாயிற்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் நேச நாட்டு வான்படையினர் இலட்சக்கணக்கானோர் அதிற் பயின்றனர். அதன் வழித்தோன்றலே இன்று நம் பிள்ளைகளின் மேசைமீது அமர்ந்திருக்கின்றது. ஆகவே, இதனை வீண்பொழுது என்று தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது.

இனி, அப்போரின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

1942ஆம் ஆண்டு பெப்ருவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு மாதத்தில் இரங்கூனும் அந்தமான் தீவுகளும் யப்பானியர் வசமாயின. பிரித்தானியரின் கீழைக் கடற்படைக்கு இந்துமாக்கடலில் எஞ்சியிருந்த பெருந்தளங்கள் கொழும்பும் திருகோணமலையுமே. அவற்றில் நிற்கும் கப்பல்களை ஒரே வீச்சில் அழிக்கும் நோக்கோடு, அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இந்துமாக்கடலுட் புகுந்தார். நான்கு மாதங்களுக்கு முன்னர் முத்துத் துறைமுகத்தைத் தாக்கியவரும் அவரே. வான்வழித் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய புச்சிடாவும் அங்கே தலைமை தாங்கியவரே.

ஏப்பிரல் 4ஆந் திகதி பிற்பகலில், கொக்கலை வாவியிலிருந்து எழுந்த கட்டலினா என்னும் கடல் விமானமொன்று இலங்கைக்குத் தெற்கே அப்பெருங் கப்பற்படையைக் கண்டது. அதன் தலைவர் லெனாட் பேர்ச்சோல் என்னும் கனடா நாட்டவர். கண்டதைக் கம்பியில்லாத் தந்தி மூலம் அறிவித்துக்கொண்டிருக்கையிலேயே அவ்விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். பேர்ச்சோல் போர் முடியும்வரை யப்பானியர் சிறையிலிருந்து, பின்னர் நெடுங்காலம் வாழ்ந்து, 2004ஆம் ஆண்டு காலமானார். அவர் அனுப்பிய அச்செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் இரவோடிரவாக வெளியேறின. அட்மிரல் சொமர்விலின் முக்கிய கடற்படையோ அப்பொழுது மாலைதீவின் அட்டுத் தீவுக் கூட்டத்தில் இருந்தது. நகுமோ தேடி வந்த பெரும் இரை துறைமுகத்தில் இருக்கவில்லை.

மறுநாட் காலை எட்டு மணிக்கு முன்பாக, ஏறக்குறைய 125 யப்பானிய விமானங்கள் கொழும்பை அடைந்தன. பகைவர் வருவர் என்பது முதல்நாளே தெரிந்திருந்தும், ராடார் நிலையம் உரிய வேளையில் எச்சரிக்கை தரவில்லை. இரத்மலானையில் நின்ற 30ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்கள் பகைவர் தலைக்குமேல் வந்துவிட்ட பின்னரே ஓடுபாதையை விட்டு எழ நேர்ந்தது. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைக்கப்பட்டிருந்த தளத்தை யப்பானியர் அறியாதிருந்தமையால், 258ஆம் அணி சற்று நன்னிலையில் எழுந்தது. இவற்றோடு கடற்படையின் ஃபுல்மார் விமானங்கள் சிலவும் சேர்ந்தன. எல்லாமாக எழுந்தவை நாற்பதுக்குச் சற்று மேற்பட்டவையே.

யப்பானியரின் சீரோ விமானம் பாதுகாப்புத் தகடுகளைத் துறந்து எடை குறைக்கப்பட்டது. ஆதலின், விரைந்து ஏறவும் சிறு வட்டத்தில் திரும்பவும் வல்லதாயிருந்தது. உயரத்திலிருந்து பாய்ந்து அடித்து விலகிச் சென்றிருப்பின் ஹரிக்கேன் அதற்கு ஈடுகொடுத்திருக்கலாம். உயரம் பெறுதற்கோ நேரம் வேண்டும். அந்நேரமே அன்று கிட்டவில்லை. திறமைக் குறைவாலன்றி எச்சரிக்கைக் குறைவாலேயே பல விமானிகள் மாண்டனர் என்று கூறுதல் தகும்.

அன்றைய நிகழ்ச்சிகளுள் என் நெஞ்சை மிகவும் உருக்குவது ஒன்றுண்டு. திருகோணமலையிலிருந்து இரத்மலானைக்குச் சென்றுகொண்டிருந்த ஆறு சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள், நடப்பதறியாது இப்போரின் நடுவே வந்து சேர்ந்தன. அவை ஈரடுக்குச் சிறகும் துணி போர்த்திய உடலும் உடையவை. வயிற்றின் கீழ் பாரமான தோப்பிடோக்களைச் சுமந்திருந்தன. சீரோவின் வேகத்திற் பாதியை எட்டவும் அவற்றால் இயலாது. ஆறும் வீழ்த்தப்பட்டன.

துறைமுகத்தில் ஹெக்டர், டெனடோஸ் என்னும் போர்க்கப்பல்கள் அழிந்தன. அங்கொடை மனநோய் மருத்துவமனையும் குண்டுக்குத் தப்பவில்லை. அன்று பிற்பகல், தென்கடலில் சென்றுகொண்டிருந்த டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்னும் பெரும்போர்க்கப்பல்கள் இரண்டும் அரைமணிக்கும் குறைந்த நேரத்துள் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் மாண்டனர். எஞ்சிய 1122 பேர் மறுநாள் மாலை மீட்கப்படும்வரை ஏறக்குறைய முப்பது மணி நேரம் வெயிலிலும் எண்ணெய் படிந்த நீரிலும் தவித்தனர். ஏப்பிரல் 9ஆந் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டது. அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன்மீது ஒரு விமானமும் இல்லாத நிலையில், 307 பேருடன் மூழ்கிற்று.

இனி, அவ்வினாவுக்கு வருவோம். வென்றவர் யார்?

விமானக் கணக்கைப் பார்த்தால் ஐயத்திற்கிடமில்லை. கொழும்பு வானில் பிரித்தானியர் சுவோர்ட்ஃபிஷ்களையும் சேர்த்து இருபத்தைந்துக்கு மேற்பட்ட விமானங்களை இழந்தனர். யப்பானியர் இழந்தவை ஏழு. ஆயினும், பிரித்தானியர் அக்காலத்தில் தாம் வீழ்த்தியவை இருபதுக்கு மேல் என்றே அறிவித்தனர். யப்பானியரும் தம் வெற்றியைப் பெருக்கியே கூறினர். இதனை முற்றும் பொய்யென்று கொள்ளலாகாது. மணிக்கு முந்நூறு மைல் வேகத்திற் பறப்பவன், புகை கக்கிக்கொண்டு கீழே சரியும் விமானமொன்றைக் கணப்பொழுதே காண்கின்றான். அவன் கண்டதையே வேறு மூவரும் கண்டிருப்பர். நால்வரும் தனித்தனியே அதனைத் தம் கணக்கில் எழுதுவர். இரு தரப்பு ஏடுகளையும் ஒப்பிட்டு உண்மையை நாடியவர்கள் பின்வந்த வரலாற்றாசிரியர்களே.

நோக்கத்தைப் பார்த்தாலோ விடை வேறாகின்றது. பிரித்தானியக் கடற்படையின் முதுகெலும்பை முறிக்க வந்த நகுமோ, அதனைக் காணாமலே திரும்பினார். அவர் கொணர்ந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுள் மூன்று, இரண்டே மாதங்களில் மிட்வேப் போரில் மூழ்கின. மறுபுறம், பிரித்தானியர் தம் கடற்படையைக் கிழக்கு ஆபிரிக்காவுக்கு விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1944ஆம் ஆண்டளவிலேயே அது வலிமையோடு இக்கடலுக்கு மீண்டது.

இந்நாட்டு மக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றாவது விடையொன்றுண்டு. போரை அறிவித்தவரும் நடத்தியவரும் அவர்களல்லர். குண்டு விழுந்தது அவர்கள் தலையில். கொழும்பிலிருந்து மக்கள் வண்டியிலும் கால்நடையாகவும் வெளியேறினர். துறைமுகத் தொழிலாளர் பலர் வேலைக்கு வாராதொழிந்தனர். ஏப்பிரல் 6ஆந் திகதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்படவே, சென்னைப் பட்டினமும் பாதி வெறிச்சோடிற்று. இவர்கள் எந்த வெற்றிப் பட்டியலிலும் இடம்பெறாதவர்கள்.

எங்கள் புத்தளத்திற்கும் இப்போருக்கும் உள்ள தொடர்பை இங்குக் கூறுதல் வேண்டும். இத்தாக்குதலின் பின் தீவெங்கும் விமானத் தளங்கள் பெருகின. புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படை தனக்கென ஒரு வான்தளம் அமைத்தது. நிலத்திலுள்ள தளத்தையும் கப்பலாகவே கருதிப் பெயரிடுதல் அக்கடற்படையின் மரபு. அவ்வழக்கப்படி புத்தளத் தளத்திற்கு 'ராஜாளியா' என்று பெயரிட்டனர். கழுகைக் குறிக்கும் சிங்களச் சொல் அது. நம் தமிழில் 'இராசாளி' என வழங்கும் சொல்லோடு அது கொண்ட உறவு வெளிப்படை. கட்டுக்குருந்தைத் தளம் 'உகுஸ்ஸா'. கோயம்புத்தூர்த் தளம் 'கருடா'. சூலூர்த் தளம் 'வைரி'. வேட்டைப் பறவைகளின் பெயர்களை நம் மொழிகளிலேயே தேடிச் சூட்டினர். காடு வெட்டித் திருத்திய இத்தளத்தில் கோர்சேர் என்னும் கடற்படைப் போர்விமானங்கள் தங்கின. யானைகளும் விமானங்களை இழுக்கும் பணியிற் பூட்டப்பட்டன. உப்பளமும் களப்பும் தென்னந்தோப்புமாக அமைதியில் உறங்கிய கரைக்கு உலக யுத்தம் வந்து சேர்ந்த விதம் இது.

ஆகவே, திரையில் இப்போரை நடத்தவிருக்கும் இளைஞர்களுக்கு யான் தடை கூறேன். உயரமும் நேரமும் ஒரு போரை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை எந்தப் பாடநூலிலும் தெளிவாக அவர்கள் இதில் உணர்வர். ராடார் இருபது நிமிடம் முந்தி எச்சரித்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதைக்கூட ஒருவாறு சோதித்தறியலாம். எனினும், அவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள் விடுக்க விரும்புகின்றேன்.

முதலாவது, வீழ்ந்தவன் மீண்டும் எழலாகாது. திரையில் ஒரு விசையை அழுத்தினால் புது விமானம் கிட்டுகின்றது. அன்று எவருக்கும் அது கிட்டவில்லை. வீழ்ந்த பிள்ளை போர் முடியும்வரை நாற்காலியில் வாளாவிருந்து பார்க்கட்டும். அவ்வெறுமை அவனுக்குச் சிறிது கற்பிக்கும்.

இரண்டாவது, எல்லோரும் ஹரிக்கேனையும் சீரோவையுமே நாடுகின்றனர்; சுவோர்ட்ஃபிஷை ஓட்ட ஒருவனும் முன்வருவதில்லை. விளையாட்டில் அவ்விமானம் இல்லையெனின், அதனையொத்த மெதுவான ஒன்றைக் கொள்ளட்டும். ஆனால் யாரேனும் ஆறு பேர், ஒன்றும் அறியாதவர்போல், கிழக்கிலிருந்து பறந்து வரத்தான் வேண்டும். அவர்களின்றி நடக்கும் போர் 1942ஆம் ஆண்டின் போராகாது.

மூன்றாவது, போர் முடிந்ததும் ஒவ்வொருவனும் தான் வீழ்த்தியவை எத்தனை என்று திரையைப் பாராமல் நினைவிலிருந்து எழுதட்டும். பின்னர் கணினியின் கணக்கோடு ஒப்பிடட்டும். நேரிற் கண்ட சாட்சியும் பிழைபடும் என்பதையும், வரலாறு எழுதுதல் ஏன் அரிய தொழில் என்பதையும் அக்கணமே அறிந்துகொள்வர்.

பெரியோருக்கும் ஒன்று கூறி என் பேச்சை முடிக்கின்றேன். அப்போர் நிகழ்ந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாயின. கொழும்பு லிவரமெண்டு மயானத்திலும் திருகோணமலைப் போர் மயானத்திலும் அக்காலத்து வீரர்களின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அத்தளங்களுக்கு மண் சுமந்தவர், காடு வெட்டியவர், யானை நடத்தியவர், குண்டுக்கு அஞ்சிக் குழந்தைகளோடு ஊர்விட்டு நடந்தவர் ஆகியோரின் நினைவுகளோ முதியோர் சிலரின் நெஞ்சில் மட்டுமே தங்கியுள்ளன. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் சிலாபத்திலும் அத்தகைய பாட்டனாரோ பாட்டியாரோ உங்கள் இல்லத்தில் இருப்பின், இன்று மாலையே அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு, ஊரும் ஆண்டும் தவறாமல் ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். இளைஞர்கள் ஏப்பிரலில் விமானமேறு முன்னர், அவ்வேட்டை ஒரு முறை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.