சிஸ்கோ பங்கு வீழ்ச்சி (2000–2002)

அமெரிக்காவின் சிஸ்கோ சிஸ்டம்ஸ் நிறுவனப் பங்கு கண்ட பெருஞ்சரிவு. வன்பொருள் நிறுவன முதலீட்டின் இடர்களை விளக்கப் பெரிதும் எடுத்தாளப்படும் நிகழ்வு. 1984இல் தொடங்கப்பட்ட சிஸ்கோ, இணையப் போக்குவரத்தை வழிநடத்தும் ரவுட்டர், சுவிட்ச் கருவிகளை விற்றது. 2000 மார்ச்சில் உலகின் மிக உயர்ந்த சந்தை மதிப்புள்ள நிறுவனமானது. பங்கு விலை 80 டாலரை ஒட்டி நின்றது. ஆண்டு இலாபத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான விலை அது.

மென்பொருளுக்கு இல்லாத ஒரு சுமை வன்பொருளுக்கு உண்டு: கிடங்கு. கருவிகளுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது வாடிக்கையாளர் சிலர் ஒரே தேவைக்குப் பல இடங்களில் ஆர்டர் கொடுத்தனர். அதை மெய்யான தேவையென்று நம்பிய சிஸ்கோ, உதிரிபாகங்களை முன்கூட்டியே வாங்கிக் குவித்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நொடித்ததும் ஆர்டர்கள் மறைந்தன. சரக்கு மட்டும் மிஞ்சியது. 2001இல் சுமார் 220 கோடி டாலர் சரக்கு இழப்பாக எழுதப்பட்டது. சுமார் 8,500 பேர் வேலையிழந்தனர்.

2002 அக்டோபரில் பங்கு 10 டாலருக்கும் கீழே இறங்கியது. இத்தனைக்கும் நிறுவனத்துக்கு நீண்டகாலக் கடன் இல்லை, கையில் பணமும் இருந்தது. தொழில் பிழைத்தது, உச்சவிலையில் வாங்கியவர்கள் பிழைக்கவில்லை. முதல் ஈவுத்தொகை 2011இல்தான் வழங்கப்பட்டது.