இரண்டு பட்டியல்கள்

நவம்பர் பிறந்ததும், மறைந்த உறவினரின் பெயர்களைத் தாளில் எழுதி ஆலயத்தில் ஒப்படைக்கும் வழக்கம் நம் பங்குகளில் உண்டு. குரோம்பேட்டையிலும் அவ்வாறே. திருப்பலியில் அவற்றை ஒவ்வொன்றாக வாசிக்கையில், நேரம் நீள்கிறதே என்று நாம் உள்ளூரச் சலித்ததும் உண்டு. ஓராண்டு, ஒரு தாளில் நான்கு பெயர்களுக்குக் கீழே "பெயர் தெரியாத ஆக்கள்" என்றொரு வரி இருந்தது. எழுதியவர், 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இப்புறநகரில் தங்கிவிட்ட ஒரு மூதாட்டி. காரணம் கேட்டோம். "எங்கட தெருவில அண்டைக்குச் செத்த சனத்துக்குப் பூசை கேட்க ஆரும் இல்லை, சுவாமி" என்றார். அதன்பின் நாம் பெயர்களை விரைந்து வாசித்ததில்லை.

அவர் குறிப்பிட்ட நாள்களை வரலாறு 'கறுப்பு ஜூலை' என்கிறது. 1983 ஜூலை 23 இரவு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 இராணுவ வீரர்கள் மாண்டனர். மறுநாள் கொழும்பில் மூண்ட தீ ஒரு வாரம் பல ஊர்களுக்கும் பரவியது. வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்ததாகக் கண்டவர் பலர் சான்று பகர்ந்துள்ளனர். தமிழர் வீடு எது, கடை எது என்று தேட வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். மொத்தத்தில் மாண்டவர் சில நூற்றுவர் என்றது அரசு. மூவாயிரம் வரை என்பன பிற கணிப்புகள். ஜூலை 28 அன்று நாட்டு மக்களுக்கு உரையாற்றிய குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனா, மாண்ட தமிழருக்காக ஓர் ஆறுதல் மொழியும் கூறவில்லை.

இத்தீமை ஓரிரவில் முளைத்ததா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1956இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழியாயிற்று. 1958லும் 1977லும் தமிழர் தாக்கப்பட்டனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தது. முதலில் சட்டம் ஒரு கூட்டத்தாரைப் பிரித்து நிறுத்துகிறது. பின்னர் பேச்சு அவர்களை இழிவுபடுத்துகிறது. அடுத்து, அவர்களை அடித்தவர் தண்டனையின்றித் தப்புகின்றனர். இம்மூன்றும் நடந்தேறிய நாட்டில், எளிய வாக்காளர் பட்டியலே கொலைக் கருவியாக மாறிவிடுகிறது.

'இனப்படுகொலை' எனத் தமிழில் நாம் வழங்கும் சொல்லுக்கு மூலமான சொல்லை 1944இல் ஆக்கித் தந்தவர், போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர் ராபேல் லெம்கின். 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் அவை அதனைத் தடுக்கவும் தண்டிக்கவும் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. இலங்கை 1950லும் இந்தியா 1959லும் அதில் இணைந்தன. உடன்படிக்கையின் பெயரிலேயே தண்டனைக்கு முன் தடுப்பு நிற்கிறது. ஆனால் உலகம் தடுத்ததா?

அன்று கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த ருவாண்டாவை நினைக்க நம் நெஞ்சு கூசுகிறது. ஊட்டு, துட்சி என்ற இனக்குறிப்புடன் அடையாள அட்டை வழங்கும் வழக்கத்தைப் பெல்ஜிய ஆட்சியாளர் 1930களில் புகுத்தினர். 1994இல் அந்த அட்டையே சாலைத் தடைகளில் மரண ஓலையாயிற்று. ஏறத்தாழ நூறு நாள்களில் எட்டு இலட்சம் பேர் மாண்டனர். நியாருபுயே, ந்தராமா முதலிய ஆலயங்களில் அடைக்கலம் புகுந்தோர் ஆயிரக்கணக்கில் ஆலயங்களுக்குள்ளேயே வெட்டுண்டனர். திருச்சபையும் அதன் உறுப்பினரும் செய்த பாவங்களுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

இப்படுகொலைக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, தலைநகர் கிகாலியிலுள்ள துட்சியர் அனைவரையும் பதிவு செய்யும்படி ஆணை பிறந்துள்ளது என்றும், அது அவர்களை அழிப்பதற்காகவே இருக்கலாம் என்றும், ஐ.நா. படைத்தலைவர் டல்லேர் நியூயார்க்குக்குச் செய்தி அனுப்பினார். கொலை தொடங்கியபின், ஏப்ரல் 21 அன்று, பாதுகாப்பு அவையோ அவரது படையை 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. ஆகவே இனப்படுகொலை விதியன்று. அது அறிவித்துக்கொண்டு, படிப்படியாக வருகிறது. ஒவ்வொரு படியிலும் மறிப்பதற்கு இடமுண்டு. மறிக்கும் மனமே குறைவு.

மறித்தவர்களும் இருந்தனர். மூதாட்டியின் தாளில் இருந்த நான்கு பெயர்களுள் ஒன்று சிங்களப் பெயர். கும்பல் வந்தபோது அக்குடும்பத்தை இரண்டு நாள் தன் வீட்டில் மறைத்து வைத்து, வாசலில் நின்று "இங்கே தமிழர் எவருமில்லை" என்று கூறிய அண்டை வீட்டுப் பெண்மணி அவர். அந்நாள்களில் அவ்வாறு செய்த சிங்களக் குடும்பங்கள் பல. பட்டியலை நீட்டிய கும்பலுக்கு அவர்கள் பெயரைத் தர மறுத்தார்கள்.

இதைக் கூறும்போது வேறொன்றையும் மறைத்தலாகாது. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 70,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குத் தரப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. தமிழ் பேசும் அண்டை வீட்டாரை மதத்தால் பிரித்து விரட்டியவர்கள் தமிழரே. நம் துயரை மட்டும் நினைத்து, நம்மவர் செய்ததை மறப்போமானால், நாமும் ஒரு பட்டியலையே கையில் ஏந்தியவராவோம்.

அப்படியாயின், நினைவுகூர்தலின் பயன் யாது? மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை இதற்கு வழிகாட்டுகிறார். 2011 ஜனவரியில் அரசு அமைத்த ஆணைக்குழுவின்முன் அவர் சாட்சியம் அளித்தார். 2008 அக்டோபரில் வன்னியில் வாழ்ந்தவர் 4,29,059 பேர். 2009 ஜூலைக்குள் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று வினவினார். கச்சேரி முதலிய அலுவலகங்களின் பதிவேடுகளையே அவர் சான்றாகக் காட்டினார். பழிவாங்கும்படி அவர் எவரையும் தூண்டவில்லை. காயினிடம் ஆண்டவர் கேட்ட கேள்வியை ஓர் ஆட்சியிடம் கேட்டார், அவ்வளவே. 2021இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டு ஜனவரியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. மாணவர் எதிர்ப்பால் ஏப்ரலில் அது மீண்டும் எழுந்தது.

கொல்லும் பட்டியல் மனிதரை இனமாகச் சுருக்குகிறது. நினைவின் பட்டியலோ அவர்களை மீண்டும் பெயருள்ள மனிதராக்குகிறது. கல்வாரிப் பலியைத் தம் நினைவாகக் கொண்டாடப் பணித்த ஆண்டவரின் பீடத்தில் நாம் பெயர்களை வாசிப்பது இதற்காகவே. எனவே, இவ்வாண்டு நவம்பரில் நம் குடும்பத்தார் பெயர்களுக்குக் கீழே ஒரு வரியை நம்மவரல்லாத ஒருவருக்காக விட்டுவைப்போம். அதை எழுதப் பழகிய கை, எவருடைய வீட்டையும் எவருக்கும் காட்டிக்கொடுக்காது.