மூணு பின் பிளக்கின் கதை

கோடம்பாக்கம் ரயில் நிலையத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட் ஏசி. 1931-ல் தென்னிந்திய ரயில்வே கடற்கரை - தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையை மின்மயமாக்கியபோது இதே இடத்தில் ஓடியது 1,500 வோல்ட் டிசி. 1960களில் அதை மாற்றினார்கள். கம்பியில் வருவது மாறியதும் பழைய மின்ரயில்கள் அந்தப் பாதைக்கு உதவாமல் போயின. புது வண்டிகள் வந்தன. மின்சாரத்தில் ஒரு முடிவை எடுப்பது சுலபம், அதை மாற்றுவதுதான் கஷ்டம். அந்த முடிவை நம்பி வாங்கிய அத்தனை இயந்திரங்களையும் கூடவே மாற்ற வேண்டும்.

ஒரு ரயில் பாதைக்கு அந்தச் செலவைச் செய்துவிடலாம். ஒரு நாட்டின் எல்லா வீடுகளுக்கும் செய்வது யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் வெளிநாடு கிளம்புகிறவர் பெட்டியில் இன்றும் ஒரு அடாப்டர் கிடக்கிறது. கடையில் போய் "சிங்கப்பூருக்கு ஒரு அடாப்டர் கொடுங்க" என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் அது மாற்றிக் கொடுப்பது வடிவத்தை மட்டுமே. வடிவம், வோல்டேஜ், அதிர்வெண், எர்த் ஆகிய நான்குக்கும் தனித்தனி வரலாறு உண்டு. நாலையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது.

முதலில் வடிவம். நம் வீட்டுச் சுவரில் இருக்கிற மூன்று வட்டத் துளைகள் பிரிட்டனின் பி.எஸ். 546 என்ற தர அளவிலிருந்து வந்தவை. அது வெளியான ஆண்டு 1934. சின்னது 5 ஆம்ப்ஸ், பெரியது 15 ஆம்ப்ஸ், நம் ஊர் பாஷையில் 'பவர் பிளக்'. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பிறகு கட்டவேண்டிய வீடுகளுக்கு எப்படி ஒயரிங் செய்வது என்று யோசிக்க பிரிட்டன் ஒரு குழு அமைத்தது. 20 பேரில் ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட் என்ற பொறியாளர். குழந்தைகள் துளைக்குள் எதையும் விட்டுவிடக் கூடாது என்பது அவருடைய முக்கியமான கவலைகளில் ஒன்று. எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே அளவு, 13 ஆம்ப்ஸ், பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ், துளைகளை மூடித் திறக்கும் சின்னக் கதவு. வட்டமாகச் சுற்றிவரும் ஒயரிங் முறையால் செம்பும் மிச்சம். சதுரப் பின்கள் கொண்ட அந்தப் பிளக்கின் தர அளவு, பி.எஸ். 1363, வெளிவந்தது 1947-ல்.

அதே ஆண்டுதான் நாம் விடுதலை பெற்றோம். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரில் கைவிடத் தொடங்கிய பிளக்கை நாம் வைத்துக்கொண்டோம். சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னாளில் சதுரப் பின்னுக்குப் போய்விட்டன. இலங்கையில் இரண்டையும் பார்க்கலாம். பழைய வட்டத் துளை இருக்கிற வீட்டில் நம் சார்ஜர் அப்படியே பொருந்தும், இன்னொரு வீட்டில் பொருந்தாது. இதில் வேடிக்கை, கடல் தாண்டி டர்பனில் இருக்கிற தமிழர் வீட்டுச் சுவரில் நம் 15 ஆம்ப்ஸ் பின் கச்சிதமாக உட்காரும். தென்னாப்பிரிக்காவும் அந்தப் பெரிய வட்டப் பின்னை விடவில்லை.

அடுத்தது வோல்டேஜ். 1882-ல் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கியபோது, அன்றைய கார்பன் இழை பல்புக்குத் தோதாக 110 வோல்ட்டை ஒட்டிய அளவைத் தேர்ந்தெடுத்தார். 1899 வாக்கில் பெர்லினின் மின் கம்பெனி அதை 220-க்கு உயர்த்தியது. வோல்டேஜ் இரட்டிப்பானால் அதே வேலைக்குப் பாதி கரண்ட் போதும், கம்பியில் செம்பும் குறையும். மிச்சமான பணத்தில் வாடிக்கையாளர்களின் சாதனங்களை மாற்றிக் கொடுப்பதும் அவர்களுக்குக் கட்டுப்படியானது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு 110 வோல்ட் சாமான்கள் பெருகிவிட்டன, அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்று அங்கே 120, ஜப்பானில் 100, நமக்கு 230.

இந்த வித்தியாசம் சூடாக்கும் சாதனங்களில்தான் கடுமையாகத் தெரியும். கம்பிச்சுருள் இழுக்கும் பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் வாங்கிய 1,000 வாட் கெட்டிலை வடிவம் மாற்றும் அடாப்டர் வழியாக நம் ஊரில் செருகினால் அது ஏறக்குறைய 3,700 வாட் இழுக்கப் பார்க்கும். கருகுவதற்குச் சில விநாடிகள் போதும். நம் ஊர் 1,500 வாட் கெட்டிலை அங்கே கொண்டுபோனால் 400 வாட்தான் கிடைக்கும். காபிக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். 750 வாட் மிக்சியை அங்கே ஓட்டப் பல கிலோ எடையுள்ள டிரான்ஸ்பார்மர் வேணும். அதனால்தான் சென்னைக் கடைகளில் 110 வோல்ட் மிக்சி என்றே தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள்.

டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. நமக்கு 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவுக்கு 60. பாட்டுப் பதிவுக்குப் பேர்போன கோடம்பாக்கத்துக்கு இதை இசைக் கணக்கில் சொன்னால் சட்டெனப் புரியும். கரண்டின் தாளத்துக்கே சுற்றும் மோட்டார் கொண்ட ஒரு பழைய அமெரிக்க ரெக்கார்டு பிளேயரை டிரான்ஸ்பார்மர் போட்டு இங்கே ஓட்டினால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றவேண்டிய தட்டு 28-க்கும் சற்றுக் குறைவாகச் சுற்றும். சுருதி சுமார் மூன்று அரைச்சுரம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடிய பாடகி மூன்று கட்டையில் இழுத்து இழுத்துப் பாடுவார். வெட் கிரைண்டருக்கு நேர்மாறான கதி. நம் ஊர் இண்டக்‌ஷன் மோட்டார் அங்கே போனால் கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த வேறு ரக மோட்டார். அதற்கு அதிர்வெண் ஒரு பொருட்டில்லை, வோல்டேஜ் சரியாக இருந்தால் போதும்.

இதே ரயில் பாதையின் மறுமுனை கடற்கரை நிலையம். அதன் அருகே, பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-ல் உருவானது பர்மா பஜார். வெளிநாட்டு டேப் ரெக்கார்டர்களைத் தேடிச் சென்னை அங்கேதான் போனது. பல செட்டுகளின் முதுகில் 110, 220 என்று திருப்பும் குமிழ் இருக்கும். பழைய கம்ப்யூட்டர்களின் பின்னாலும் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் ஒன்று இருந்தது. அதை 115-ல் வைத்து நம் சுவரில் செருகினால் 'டப்' என்ற சத்தத்தோடு கதை முடிந்தது. இன்றைய செல்போன், லேப்டாப் சார்ஜர்கள் வருகிற ஏசியை முதலில் டிசியாக்கி, பிறகு விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டித் தமக்கு வேண்டிய அளவைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. சார்ஜரின் மேல் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் அதற்கு வடிவம் மாற்றினால் போதும். இந்தச் சார்ஜர்களை வைத்துப் பழகிய நமக்கு எல்லாச் சாமானும் அப்படித்தான் என்ற நினைப்பு வந்துவிட்டது.

கடைசியாக எர்த். நம் பிளக்கில் மேலே இருக்கிற பின் மற்ற இரண்டைவிட நீளம், தடிமனும் அதிகம். செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். இஸ்திரிப் பெட்டிக்குள் ஒயர் பிய்ந்து உடம்பைத் தொட்டால், கரண்ட் எர்த் வழியாக ஓடி ஃபியூஸைத் துண்டிக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. எர்த் இல்லையென்றால் அந்த வழி நம் கை. ஜெர்மன் பிளக்கில் எர்த் பின் கிடையாது, பக்கவாட்டுத் தகடுதான் எர்த். அதன் 4.8 மில்லிமீட்டர் பின்கள் நம் 5 ஆம்ப்ஸ் துளைக்குள் போய்விடும், சாதனமும் ஓடும். ஆனால் தகடு எதையும் தொடாது. மலிவான யுனிவர்சல் அடாப்டர்கள் பலவும் இப்படித்தான் மூன்றாவது பின்னைப் பேருக்கு வைத்திருக்கின்றன, அல்லது வைப்பதே இல்லை. வேலை செய்கிறது என்பதால் இந்தக் குறை நம் கண்ணில் படுவதில்லை.

ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி எந்த நாட்டுக்கு என்பதல்ல. சாமானைத் திருப்பி, அதன் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். சூடாக்குகிறதா, சுற்றுகிறதா, வெளியுடம்பு உலோகமா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால், அந்தச் சாமானைப் போகிற ஊரிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. பெட்டியில் எடையும் குறையும்.